கலர் கூட்டாத முகம்

அந்த டீச்சருடைய சரியான படம் ஒன்றுகூட யாரிடமும் இல்லை. அடையாள அட்டையில் ஒன்று இருக்கிறது, ஆனால் அது ஸ்டுடியோக்காரர் தன் இஷ்டத்துக்கு வெளுப்பேற்றிய முகம். பயிற்சி வகுப்புகளில் ஆசிரியர்கள் போனில் எடுத்தவை இருக்கின்றன. இப்போதைய போன்கள் யாரைக் கண்டாலும் கேட்காமலேயே பவுடர் பூசிவிடுகின்றன. கடைசியாகச் சவப்பெட்டியில் கிடத்தியபோது எல்லோரும் சுற்றி நின்று எடுத்துக்கொண்ட படமும் அப்படித்தான் வந்து சேர்ந்தது. நான் பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர். வரைந்து பார்த்தேன். மூக்கு வந்தது, நெற்றி வந்தது, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு உற்றுப் பார்க்கிற அந்தத் தோரணைகூட வந்துவிட்டது. ஆள் வரவில்லை. அதனால் எழுதிப் பார்க்கிறேன்.

நல்ல கறுப்பு. மாநிறம் என்று சொல்லி யாராவது மழுப்பினால் அவருக்குக் கோபம் வரும். "கறுப்புன்னு சொல்ல வாய் கூசுதோ? அப்ப அது கெட்ட வார்த்தைன்னு நீங்களே முடிவு பண்ணிட்டிய" என்பார். மேலுதட்டோரம் ஒரு மறு. ஜவுளிக்கடைக்காரர்களும் சொந்தக்காரப் பெண்களும் கறுத்தவர்களுக்கு ஆகாது என்று ஒதுக்கிவைக்கிற நிறங்களாகப் பார்த்துத்தான் சேலை எடுப்பார். எலுமிச்சை மஞ்சள், கிளிப்பச்சை, ரோஸ். எவ்வளவு பெரிய கூட்டத்திலும் அவரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

சாத்தான்குளம் பக்கத்து வாத்தியார் குடும்பம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மில்லர்புரத்தில் தங்கை வீட்டு மாடியில் இருந்தார். நடுநிலைப் பள்ளி ஆசிரியையாக இருந்த அவரை, ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் கருத்தாளராகப் போட்டார்கள். நிறம், சாதி, ஊர், பாஷை என்று எதைச் சொல்லியும் ஒரு பிள்ளையை ஒதுக்காமல் பள்ளிக்கூடம் நடத்துவது எப்படி என்பதுதான் அவர் எடுக்கும் வகுப்பு. சுற்றறிக்கையில் அதற்கு நீளமான பெயர் உண்டு. எங்கள் ஆட்கள் வைத்த பெயர் 'கறுப்பு கிளாஸ்'. அது அவருக்கும் தெரியும்.

எங்கள் பள்ளிக்கு அவர் முதலில் வந்தபோது தலைமையாசிரியர் அறையில் நான் சார்ட் ஒட்டிக்கொண்டிருந்தேன். வாங்க, உட்காருங்க என்று தலைமையாசிரியர் நாற்காலியை இழுத்துப் போட்டார். டீச்சர் உட்காரவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, சுவரில் மாட்டியிருந்த குரூப் போட்டோக்களின் முன்னால் போய் நின்றார். மூக்கு சட்டத்தில் இடிக்கிற அளவுக்குக் கிட்டே. முன்வரிசையில் தாளாளர், சிறப்பு விருந்தினர், மாலை மரியாதை எல்லாம் பளபளவென்று இருந்தது. அதையெல்லாம் அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. கடைசி வரிசையில், முன்னால் நிற்கிற பையனின் தோளுக்குப் பின்னால் பாதி முகம் மட்டும் தெரிந்த ஒரு பிள்ளையின் மேல் விரலை வைத்தார்.

"அது யாரு சார், அந்தக் கடைசியில?"

"அது… நம்ம எய்த்துப் பிள்ளை. பேரு என்னமோ…" தலைமையாசிரியர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சார்ட்டைப் பார்த்தேன்.

"பரவால்ல சார். அடுத்த மட்டம் வரும்போது கேக்கேன்" என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார். எந்த இடத்துக்குப் போனாலும் அவருக்கு இதுதான் முதல் வேலை. கல்யாண வீட்டில் ஆல்பத்தைக் கையில் கொடுத்தால், மாப்பிள்ளை பெண்ணை விட்டுவிட்டு ஓரத்தில் யார் நிற்கிறார்கள், யாரை முக்கால்வாசி வெட்டிவிட்டார்கள் என்றுதான் தேடுவாராம். அக்காவைக் கூட்டிக்கொண்டு விசேஷ வீட்டுக்குப் போகவே பயமாக இருக்கும் என்று தங்கை ஒரு தடவை சிரித்துக்கொண்டே சொன்னார்.

பயிற்சி ஒரு சனிக்கிழமை நடந்தது. விடுமுறையைப் பறிகொடுத்த கோபத்தை எங்கள் ஆசிரியர்கள் வடையின் மேல் காட்டிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு மெதுவாக ஹாலுக்குள் வந்தார்கள். பயிற்சி என்றால் போனை உள்ளே வை என்பார்கள். இவர் வெளியே எடுக்கச் சொன்னார்.

"ஆண்டு விழா போட்டோ இருக்கும்லா? விருந்தாளி வாற வாசல்ல சந்தனம், கற்கண்டு, பன்னீர்ச் செம்போட நிக்க பிள்ளைகள மட்டும் பாருங்க. பாத்துட்டுப் பக்கத்துல இருக்கவங்க போனையும் வாங்கிப் பாருங்க."

பார்த்தார்கள். பார்க்கப் பார்க்க ஹாலில் சத்தம் குறைந்தது. வேறு வேறு பள்ளிக்கூடம், வேறு வேறு வருஷம். தட்டோடு நின்ற பிள்ளைகள் மட்டும் அக்கா தங்கைகள் மாதிரி இருந்தார்கள். அத்தனையும் வெளுத்த பிள்ளைகள். உப்பளத்திலும் கடலிலும் துறைமுகத்திலும் வெயிலில் நின்று பிழைக்கிற ஊர் இது. வகுப்பில் எண்ணிப் பார்த்தால் வெளுத்த பிள்ளைகள்தான் கொஞ்சம். தேடிப் பிடித்து வாசலில் நிறுத்தியிருந்தார்கள்.

எங்கள் பள்ளி இங்கிலீஷ் டீச்சர் எழுந்தார். ஆண்டு விழா வரவேற்பு எப்போதும் அவர் பொறுப்பு. நல்ல மனுஷி. செருப்பில்லாமல் வரும் பிள்ளைக்குத் தானே செருப்பு வாங்கிக் கொடுப்பார்.

"மேடம், அதுல உள்குத்து ஒண்ணும் கிடையாது. நாலு பேரு வாற இடம். பளிச்சுன்னு இருக்கணும்லா?"

"பளிச்சுன்னா எப்படி டீச்சர்?"

"அதான்… பாக்க லட்சணமா."

"நான் தட்டோட நின்னா எப்படி இருக்கும்?"

ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு அதைத் தானே மூடிப் போடுகிற பழக்கம் அவரிடம் கிடையாது. மின்விசிறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அப்படியே நிற்பார். அது எங்களுக்குத்தான் அவஸ்தை. இங்கிலீஷ் டீச்சர்தான் மறுபடியும் வாயைத் திறந்தார்.

"நான் எங்க கிளாஸ்ல ஒருத்திய கருவாச்சின்னுதான் கூப்பிடுவேன் மேடம். செல்லமாத்தான். அதுவும் சிரிக்கும்."

"சிரிக்காம வேற என்ன செய்யும் அது?"

இதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் எங்கள் ஆட்களும் சண்டைக்கு நின்றிருப்பார்கள். அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். பிறகு மேஜையின் விளிம்பில் சாய்ந்துகொண்டு, "நானும் ஒரு தடவ தட்டோட நின்னுருக்கேன்" என்று ஆரம்பித்தார்.

"எனக்கு மாப்பிள்ளை பாக்க ஆரம்பிச்ச நேரம். எங்க அப்பா ஸ்டுடியோவுக்குக் கூட்டிட்டுப் போனாவ. போட்டோ வந்துது. அதுல ஒருத்தி இருக்கா பாருங்க, அப்படி ஒரு வெளுப்பு. எங்க அம்மைக்கே சிரிப்பு வந்துட்டு. ஆனாலும் அதைத்தான் குடுத்துவிட்டாவ. நாசரேத்துல இருந்து வேன் போட்டு வந்தாவ. நான் காப்பித் தட்ட எடுத்துட்டுப் போயி நிக்கேன். மாப்பிள்ளைக்கு அம்மை கையில அந்தப் போட்டோ. ஒரு டம்ளர எடுத்துக்கிட்டு, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுதாவ, 'காப்பி இருக்கட்டும்மா. நீ போயி பொண்ண வரச் சொல்லு'ன்னு."

ஹாலே சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். பிறகு ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். கடைசியாக அவர் நிறுத்தினார்.

"போட்டோவுல இருந்தவளைப் பாக்கத்தான் அவ்வளவு தூரம் வந்திருக்காவ. என்னைப் பாக்க யாரும் வரல" என்றார். "சரி, டீ வந்துட்டு. குடிச்சிட்டு வாங்க."

அதற்குப் பிறகுதான் அவருடைய பயிற்சிகளுக்குச் சார்ட் எழுதிக் கொடுக்க நானாகவே ஒட்டிக்கொண்டேன். யாராவது போட்டோ எடுக்க வந்தால், "கலர் கூட்டாம எடுப்பியளா? அப்ப நிக்கேன்" என்பார். தம்பிமார் சிரித்துக்கொண்டே சரி என்பார்கள். படம் வந்தால் பழைய கதைதான். பிறகு படம் எடுக்கிற நேரத்தில் செருப்பைத் தேடுகிறவர் மாதிரி வெளியே போய்விடுவார்.

ஒரு தடவை துறைமுகத்துப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு என்னையும் கூட்டிப் போனார். அங்கே கட்டட வேலைக்கு வந்த பீகார், ஒடிசாக்காரர்களின் பிள்ளைகள் கொஞ்சம் பேர் படித்தார்கள். அன்றைக்கு வகுப்புப் போட்டோ எடுக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் மட்டும் சைக்கிள் ஸ்டாண்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தன.

"அதுக பாதியில ஊருக்குப் போயிரும் டீச்சர். வருஷம் முடியுத வரைக்கும் இருக்காது. போட்டோவுல எதுக்கு?" என்றார் வகுப்பாசிரியர்.

"போறதுக்குள்ள எடுத்திருங்க சார். போன பெறகு எடுக்க முடியாதுல்லா."

டீச்சர் கைப்பையிலிருந்து சீப்பை எடுத்து அத்தனை பிள்ளைகளுக்கும் தலைவாரிவிட்டு, ஓரத்தில் சேர்க்காமல் நடுவில் கொண்டுபோய் நிறுத்தினார். வெயில் ஏறுகிறது என்று போட்டோக்காரர் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். திரும்பி வருகிற டவுன் பஸ்ஸில் டீச்சர் ஜன்னலோரம் உட்கார்ந்து சர்ச்சில் பாடும் ஞானப்பாட்டு ஒன்றை முனகிக்கொண்டு வந்தார்.

எங்கள் பள்ளியிலும் பயிற்சி கொஞ்சம் வேலை செய்தது. அந்த வருஷ ஆண்டு விழாவுக்குத் தட்டுப் பிடிக்க முத்துச்செல்வியைப் போடச் சொன்னார் தலைமையாசிரியர். எட்டாம் வகுப்பு. அம்மா உப்பளத்தில் வேலை பார்க்கிறவள். இங்கிலீஷ் டீச்சர் செல்லமாகக் கருவாச்சி என்று கூப்பிட்ட பிள்ளை இவள்தான். ஒத்திகையைப் பார்க்க டீச்சர் எலுமிச்சை மஞ்சள் சேலையில் வந்திருந்தார். முத்துச்செல்வி முகம் முழுக்கப் பவுடரை அப்பிக்கொண்டு வந்தாள். கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம். மற்ற பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

டீச்சர் அவளைக் குழாயடிக்குக் கூட்டிப்போய் முகத்தைக் கழுவிவிட்டார். தன் முந்தானையாலேயே துடைத்தார்.

"அம்மா ஏசுவா டீச்சர். அவதான் போட்டுவிட்டா."

"ஏசட்டும். இந்த மூஞ்சிக்கு என்ன குறைச்சல்? என்னைப் பாரு. நானும் இதே மூஞ்சியோடதான் இவ்வளவு காலமும் நடமாடுதேன்."

பிள்ளை சிரித்துவிட்டாள். தட்டைக் கையில் கொடுத்து, தோளைப் பிடித்து நிமிர்த்தி நிறுத்தி, ஓரடி பின்னால் போய்க் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

விழா நாளில் அவருக்குத் திருச்செந்தூர்ப் பக்கம் பயிற்சி. வர முடியவில்லை. நான் மேடைக்குப் பின்னால் திரைச்சீலையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் நடந்தது பிறகுதான் தெரிந்தது. விருந்தினர் கார் வந்து நிற்கிற நேரத்தில் இங்கிலீஷ் டீச்சர், "ஏளா, லைட்டுல நீ டல்லாத் தெரியுத, பாட்டு குரூப்ல போயி நில்லு" என்று சொல்லித் தட்டை வாங்கி வேறொரு பிள்ளையிடம் கொடுத்திருக்கிறார். முத்துச்செல்வி ஒன்றும் சொல்லாமல் போய் நின்றிருக்கிறாள்.

அந்த வருஷத்துப் படம் சட்டம் போட்டுத் தலைமையாசிரியர் அறைச் சுவருக்கு வந்தது. டீச்சரும் வந்தார். கண்ணாடி நெற்றிக்கு ஏறியது. முன்வரிசையைப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு வரிசையாகப் பின்னால் போனார். கடைசியில் போய் விரல் நின்றது.

"அது யாரு, அந்தக் கடைசியில?"

அவருக்குத் தெரிந்துதான் கேட்டார். தலைமையாசிரியர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வீடியோக்காரருதான் மேடம் சொன்னாரு…" என்று இங்கிலீஷ் டீச்சர் ஏதோ ஆரம்பித்து நிறுத்திவிட்டார். அன்றைக்குத்தான் யாரும் சொல்லாமலேயே டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார். குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

பிறகு வராந்தாவில் முத்துச்செல்வியைக் கூப்பிட்டுக் கேட்டார். நானும் பக்கத்தில் நின்றேன்.

"ஏளா, தட்டக் குடுத்துட்டியா?"

"எனக்குப் பின்னால நிக்கத்தான் டீச்சர் பிடிக்கும்" என்றாள் பிள்ளை, தரையைப் பார்த்துக்கொண்டு.

டீச்சர் அவள் தலையைத் தடவிக் கொடுத்து அனுப்பினார். மாடிப்படியில் இறங்கும்போது கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். "வாத்திமாருக்கு எவ்வளவு நேரம் வேணும்னாலும் சொல்லுவேன் சார். அந்தப் புள்ள தானாப் போயி பின்னால நிக்கப் பழகிட்டே. அதுக்கு நான் என்ன கிளாஸ் எடுக்க? ஒரே ஒரு தடவ அவ முன்னால வந்து நிக்கதக் கண்ணால பாத்துட்டாப் போதும் எனக்கு." சொல்லி முடிக்குமுன் குரல் உடைந்துவிட்டது. அவருடைய பையை வாங்கிப் பிடித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு போனில் எது பேசினாலும் கடைசியில், "முத்துச்செல்வி எங்க நிக்கா?" என்று கேட்பார். காலைப் பிரேயரில் என்று அர்த்தம். கடைசியில்தான் டீச்சர் என்பேன். சரி சார், வைக்கேன் என்பார்.

ஒரு நாள் காலையில் பால் வாங்கப் படியிறங்கியவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டாராம். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது.

மறுநாள் காலையில் மில்லர்புரம் ஸ்டாப்பில் இறங்கி நடந்தேன். தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். ரோஜாப்பூ நிறத்தில் யாரோ ஒரு பெண். இந்தத் தெருவில் இன்னொரு சாவா என்று நினைத்துக்கொண்டே தாண்டிப் போய்விட்டேன். வீட்டு வாசலில் பார்த்தால் அதே பிளெக்ஸ், அதே பெண். கண்ணாடியை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. உதட்டுக்குச் சாயம் ஏற்றியிருந்தார்கள். மறு இருந்த இடத்தில் வழவழவென்று தோல்தான் இருந்தது. கீழே 'எங்கள் வழிகாட்டிக்கு' என்று போட்டு, அவரிடம் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் என்று எழுதியிருந்தது.

அதன் கீழே இங்கிலீஷ் டீச்சர் அழுது அழுது கண் வீங்கிப் போய் நின்றார். "சார், பாத்தியளா? அக்கா எவ்வளவு லட்சணமா இருக்காவ. கடையில நானே கூட நின்னு பண்ணச் சொன்னேன்." எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியது. ஆனால் அந்த அழுகை பொய்யில்லை. அவர் டீச்சர் மேல் உயிராகத்தான் இருந்தார். பிளெக்ஸின் மூலையில் இருந்த நம்பருக்குப் போன் போட்டு, கலர் கூட்டாமல் ஒன்று அடித்துத் தர முடியுமா என்று கேட்டேன்.

"கலர் கூட்டாமயா? அப்படி ஒண்ணு நாங்க அடிக்கதே இல்லையே அண்ணாச்சி" என்றார் கடைக்காரர். "கூட்டலேன்னாதான் வீட்டு ஆளுக சண்டைக்கு வருவாவ."

பத்து மணி வாக்கில் தலைமையாசிரியர் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். வரிசையின் கடைசியில் முத்துச்செல்வி. பிளெக்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றவள் என்னிடம் வந்தாள்.

"சார், இது யாரு?"

நான் பிளெக்ஸை நிமிர்ந்து பார்த்தேன்.

"டீச்சர் எங்க சார்?"

'நீ போயி பொண்ண வரச் சொல்லு' என்று டீச்சர் அன்றைக்குச் சொல்லிக் காட்டிய குரல் என் காதில் கேட்ட மாதிரி இருந்தது. "உள்ள இருக்காவ, வா" என்று கையைப் பிடித்துக் கூட்டிப் போனேன்.

தங்கை பார்த்துப் பார்த்து அந்த எலுமிச்சை மஞ்சள் சேலையைத்தான் கட்டிவிட்டிருந்தார். ஆனால் பெட்டியில் வைத்தபோது சொந்தக்காரப் பெண்கள் முகத்துக்குத் திட்டுத் திட்டாகப் பவுடர் போட்டிருந்தார்கள். கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம். முத்துச்செல்வி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு கைக்குட்டையை எடுத்து நெற்றியில் வைத்துத் துடைத்தாள்.

"ஏளா, என்ன செய்யுத? கைய எடு!" என்று தலைமாட்டில் இருந்த பெரியம்மா அதட்டினார். பிள்ளை வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"விடுங்க பெரியம்மா. அவ துடைக்கட்டும்" என்றார் தங்கை. எழுந்துபோய் ஒரு துண்டை நனைத்துப் பிழிந்துகொண்டு வந்து அவள் கையில் கொடுத்தார்.

அவள் அவசரப்படாமல் துடைத்தாள். நெற்றி வந்தது. கன்னம் வந்தது. மேலுதட்டோரம் அந்த மறு வந்தது. அதுவரை அடக்கிக்கொண்டிருந்த நான் அப்போது அழுதுவிட்டேன்.

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர் வீடுகளில் பெட்டியை எடுக்குமுன் சுற்றி நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வது வழக்கம். போட்டோக்காரர் ஸ்டூலில் ஏறினார். சொந்தங்கள், ஆசிரியர்கள், தலைமையாசிரியர் என்று இடம் பிடித்தார்கள். முத்துச்செல்வி ஈரத் துண்டோடு பெட்டியை ஒட்டி, எல்லோருக்கும் முன்னால் நின்றாள்.

"அந்தப் பாப்பாவைக் கொஞ்சம் பின்னால போகச் சொல்லுங்க. குடும்பத்து ஆளுக முன்னால வாங்க."

இங்கிலீஷ் டீச்சர் கையை நீட்டினார். "வாம்மா, நம்ம அங்கன நிப்போம்."

முத்துச்செல்வி பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "இல்ல டீச்சர். நான் இங்கனதான் நிப்பேன்" என்றாள். சத்தமாகவே சொன்னாள். தங்கை ஒரு கையால் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். போட்டோக்காரர் கேமராவைத் தூக்கினார்.

எல்லோரும் கேமராவைப் பார்த்தார்கள். நான் டீச்சரைத்தான் பார்த்தேன். ஒரே ஒரு தடவை கண்ணால் பார்த்தால் போதும் என்று கேட்டவர், கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார்.